எது வாசல், எது கொல்லை?

அம்மா ஊரிலிருந்து வந்த மறுநாள், காய்கறி வாங்கக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். லண்டனுக்குத் தென்மேற்கே இருக்கிற வோக்கிங்கில் எங்கள் வீடு ரயில் பாதைக்குத் தெற்கே. கடைகண்ணி எல்லாம் வடக்கே. நடுவில் ஸ்டேஷன். தண்டவாளத்துக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையில் இறங்கி மறுபக்கம் ஏறியதும் அம்மா நின்றுவிட்டாள். வந்த பக்கம் ஒரு ஸ்டேஷன் நுழைவு, டிக்கெட் கேட். இந்தப் பக்கமும் ஒரு நுழைவு, டிக்கெட் கேட்.

"ஏண்டா, இதுல எது வாசல், எது கொல்லை?"

"ரெண்டு பக்கமும் வாசல்தாம்மா."

"ரெண்டு பக்கமும் வாசல்னா அதுக்குப் பேரு சந்து."

சிரித்துவிட்டு நடந்தேன். ஆனால் கேள்வி என்னோடேயே வந்தது. அம்மாவின் உலகத்தில் எந்தக் கட்டடத்துக்கும் முகம் ஒன்று, முதுகு ஒன்று. எங்கள் கும்பகோணத்து வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் ரேழி, கூடம், அடுப்படி எல்லாம் தாண்டிக் கடைசியில் கொல்லைக் கிணற்று ராட்டினம் தெரியும். வாசல் வழியாக வருகிறவர் யார், கொல்லை வழியாக வருகிறவர் யார் என்பதில் அவளுக்குக் கறாரான கணக்கு உண்டு. நானோ ஒன்பது வருஷமாக இந்த ஸ்டேஷனில் ஏறி இறங்குகிறேன். எந்தப் பெட்டியில் ஏறினால் லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் கேட்டுக்கு நேராக இறங்கலாம் என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஸ்டேஷனின் முகம் எந்தப் பக்கம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

வடக்குதான் வாசல் என்று இந்த ஊரில் யாரும் சொல்வார்கள். அங்கேதான் கடைத்தெரு, சினிமா, 34 மாடி வரை எழும்பி நிற்கும் புதுக் கோபுரங்கள். (கோபுரங்களைக் கட்டக் கடன் வாங்கிய நகராட்சி, 2023 ஜூனில் 120 கோடி பவுண்ட் பற்றாக்குறை என்று கையை விரித்துவிட்டது. அது தனிக் கதை.) தெற்கே மரங்கள், வீடுகள், பக்கத்து ஊரான கில்ஃபோர்ட் போகிற சாலை. பார்த்தவுடன் புரிகிற விஷயம்தான். அப்படித்தான் நானும் அம்மாவிடம் சொல்லி முடித்திருப்பேன். அந்த வாரம் ராத்திரிகளில் ஊர்க் கதையைத் தேடிப் படிக்க உட்கார்ந்ததுதான் வினை.

பொட்டலில் ஒரு ஸ்டேஷன்

1838 மே 21 அன்று இங்கே முதல் வண்டி வந்தபோது ஸ்டேஷனுக்கு 'வோக்கிங் காமன்' என்று பெயர். காமன் என்பது ஊர்ப் பொது நிலம். ஆடுமாடு மேயும், சுள்ளி பொறுக்கலாம், உழ முடியாது. மணல் பூமி, முட்புதர், ஊதாப் பூ பூக்கிற குத்துச்செடி. லண்டனையும் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தையும் இணைக்க 1834-ல் சட்டம் வாங்கிய கம்பெனி இந்தப் பாதையைப் போட்டது. வாட்டர்லூ அப்போது கிடையாது, அது 1848-ல் வந்தது. லண்டன் முனை நைன் எல்ம்ஸில் இருந்தது. அங்கிருந்து வோக்கிங் காமன் வரை பாதை தயாரானதும் வண்டி விட ஆரம்பித்துவிட்டார்கள். நாலு மாதம் போல இதுதான் கடைசி ஸ்டேஷன். இறங்கினால் எதிரே பொட்டல். கோச் வண்டிகள் வந்து காத்திருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும்.

கில்ஃபோர்ட் தெற்கே. வோக்கிங் என்ற கிராமமும் தெற்கே, அரை மணி நேர நடைக்கு மேல். வடக்கே ஒரு கால்வாய், அதற்கப்பால் இன்னும் பொட்டல். அந்த பேசிங்ஸ்டோக் கால்வாய் பாவம். ரயில் பாதை போட வேண்டிய சாமான்களைப் படகில் சுமந்து வந்ததே அதுதான். கொஞ்ச காலம் நல்ல வருமானம். பாதை முடிந்ததும் பிழைப்பைப் பாதையிடமே பறிகொடுத்தது.

ஆகவே ஸ்டேஷனைக் கட்டியவர்கள் அதைத் தெற்குப் பார்த்து வைத்தார்கள். மனிதர்கள் வருகிற திசை அதுதான். தெற்கு வாசல், வடக்கு கொல்லை. கணக்கு நேராக இருந்தது.

மறுநாள் காலை காபி ஆற்றிக்கொண்டே சொன்னேன். "அம்மா, நம்ம பக்கந்தான் வாசலாம்." அவள் ஆச்சரியப்படவே இல்லை. "அப்ப ஊரு ஏன் கொல்லையில கட்டிருக்கான்?"

நெனச்சு வாங்கின நிலம்

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் தயக்கம். காரணம், பதில் பிணங்களில் ஆரம்பிக்கிறது.

1840-களில் லண்டன் இடுகாடுகள் நிரம்பி வழிந்தன. 1849 காலராவில் மட்டும் அந்த நகரத்தில் 14 ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். புதைக்க இடமில்லை. லண்டன் இனி எவ்வளவு வளர்ந்தாலும் அதன் இறந்தவர்கள் எல்லோருக்கும் போதுமான ஒரே பெரிய இடுகாடு வேண்டும், ரயிலில் போய் வருகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு யோசனை எழுந்தது. 1852-ல் சட்டம் போட்டு லண்டன் நெக்ரோபொலிஸ் கம்பெனி என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். நெக்ரோபொலிஸ் என்றால் பிணங்களின் நகரம். ஆன்ஸ்லோ பிரபுவிடமிருந்து வோக்கிங் பொட்டலில் 2000 ஏக்கருக்கு மேல் வாங்கியது. ஸ்டேஷனைச் சுற்றியிருந்த நிலமும் அதில் அடக்கம். ஸ்டேஷனுக்கு மேற்கே, இன்று எங்களுக்கு அடுத்த நிறுத்தமான புரூக்வுட்டில், 1854 நவம்பரில் இடுகாடு திறந்தது. வாட்டர்லூவை ஒட்டி அதற்கென்று தனி ஸ்டேஷன், தனி வண்டி. சவப்பெட்டிக்கும் டிக்கெட் உண்டு. கூட வருகிறவர்களுக்கு ரிட்டர்ன், பெட்டிக்கு சிங்கிள். செத்த பிறகும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. சவப்பெட்டிக்கு முதல் வகுப்பு ஒரு பவுண்ட், மூன்றாம் வகுப்பு இரண்டரை ஷில்லிங். இடுகாட்டுக்குள்ளே இரண்டு ஸ்டேஷன், ஆங்கிலிகன் சபைக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. 1941 ஏப்ரலில் குண்டுவீச்சில் லண்டன் முனை நொறுங்கும் வரை இந்த வண்டி ஓடியது.

ஆனால் நினைத்த அளவுக்குப் பிணங்கள் வரவில்லை. நிலத்தில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. உபரியை விற்றுக்கொள்ள 1855-ல் அனுமதி வாங்கியது கம்பெனி. எந்த நிலம் நல்ல விலைக்குப் போகும்? ஸ்டேஷன் பக்கத்து நிலம். இறந்தவர்களுக்கென்று வாங்கியதைத் துண்டு போட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு விற்றார்கள். தெரு இப்படி வர வேண்டும், சந்தை இங்கே இருக்க வேண்டும் என்ற திட்டம் எதுவும் கிடையாது, யார் கேட்டாலும் ஒரு துண்டு. வடக்கே கடைகள் முளைத்தன. ஒன்றைப் பார்த்து ஒன்று. ஸ்டேஷனின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஊர் உட்கார்ந்துவிட்டது.

அம்மாவிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். அவள் கையிலிருந்த டம்ளரை வைத்தாள்.

"மயான பூமியா இது?"

"இங்க யாரையும் புதைக்கலம்மா. வாங்கினதோட சரி."

"நெனச்சு வாங்கினாங்கல்ல, அது போதும்."

அன்று சாயங்காலம் நிலைப்படியில் புதிதாக விபூதிப் பட்டை. வாடகை வீடு, சுவரில் கறை ஆனால் முன்பணத்தில் பிடிப்பார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு வேறொன்று உறைத்தது. அந்த நிலத்தை வாங்கினவர்கள் யார் என்று பாருங்கள். உடம்பு முடியாத கைதிகளுக்கு ஒரு சிறை. வயதான நாடக நடிகர்களுக்கு ஒரு காப்பகம். 1885-ல் முதல் சடலத்தை எரித்த, இந்த நாட்டின் முதல் தகன மேடை, அதற்கான இடமும் இதே கம்பெனி விற்றதுதான். பக்கத்தில் நாப்ஹில்லில் 1867-ல் மனநல மருத்துவமனை. லண்டன் தன் கண்ணில் படக்கூடாது என்று நினைத்த எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்த இடம். சாணி, விறகு, சாம்பல், உடைந்த கட்டில் எல்லாம் நாங்கள் எங்கே போடுவோம்? வோக்கிங்கே லண்டனுக்குக் கொல்லை. அதில் எது வாசல் என்று தேடிக்கொண்டிருந்தோம்.

கொல்லையிலும் நல்லது முளைக்கும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அந்த நடிகர் காப்பகம் நொடித்துப்போய், கட்டடத்தை லெய்ட்னர் என்ற கீழை மொழி அறிஞர் வாங்கினார். லாகூரில் கல்லூரி நடத்தியவர். அங்கே ஒரு கல்விக் கழகம் ஆரம்பித்து, 1889-ல் பக்கத்தில் ஒரு பள்ளிவாசல் கட்டினார். போபால் பேகம் ஷாஜஹான் பணம் கொடுத்தார், அவர் பெயரே வைத்தார்கள். பள்ளிவாசலாகவே கட்டியெழுப்பியதில் பிரிட்டனுக்கு இதுதான் முதல். ரயில் பாதைக்குத் தெற்கே, எங்கள் பக்கம், ஓரியண்டல் ரோடில் பச்சைக் கும்மட்டத்தோடு நிற்கிறது. அம்மா தினமும் நடக்கப் போகிற வழி அது.

ஸ்டேஷன் வரைக்கும்

ஒரு சனிக்கிழமை, மழை இல்லாத நாளாகப் பார்த்து, இருவரும் பழைய வோக்கிங்குக்கு நடந்தோம். இங்கே அதற்கு 'ஓல்ட் வோக்கிங்' என்று பெயர். நான் அதைக் கூகுள் மேப்பில் ஒரு பேட்டை என்று மட்டும் பார்த்திருக்கிறேன். எழும்பூர் பக்கம் இன்னொரு தெரு என்பது மாதிரி.

போய்ப் பார்த்தால் அது ஒரு முழு ஊர். வே ஆறு பக்கத்தில் ஓடுகிறது. ஒற்றை வரிசையாக வீடுகள், பழைய செங்கல். 1086-ல் வில்லியம் அரசன் எடுத்த நிலக்கணக்கிலேயே இந்த ஊர் இருக்கிறது. ஆற்றோரம் கொஞ்ச தூரத்தில் ஒரு அரண்மனையின் இடிபாடு, எட்டாம் ஹென்றி வந்து தங்கிய இடம். புனித பீட்டர் தேவாலயத்துக் கதவு நார்மன் காலத்தது. ஓக் மரம், அதன் மேல் கறுத்த இரும்புப் பட்டைகள். அம்மா ஒரு பட்டையை விரலால் தடவிக்கொண்டே போய், ஆணித் தலையில் நிறுத்தினாள். நம் ஊர்க் கோயில் கதவில் குமிழைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், அதே கை. "இதுக்கு வாசல் தெரியுது பாரு" என்றாள்.

திரும்பி நடக்க அவளுக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். கைத்தடியோடு ஒரு பெரியவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். வோக்கிங்கில் என்றேன்.

"வோக்கிங் இதுதான். நீங்கள் இருப்பது ஸ்டேஷனில்."

கோபமாகச் சொல்லவில்லை. முகவரியில் எழுத்துப் பிழையைத் திருத்துகிற மாதிரி சொன்னார். அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அவள் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், அவரும் ஆட்டினார். அந்த நேரம் பஸ் வந்தது. நெற்றிப் பலகையில் 'வோக்கிங்' என்று போட்டிருந்தது. அந்த ஊரில் நின்றுகொண்டு அந்த ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினோம். பெரியவர் டிரைவரிடம் "ஸ்டேஷன்" என்றுதான் டிக்கெட் கேட்டார்.

ஒரு ஸ்டேஷன், பக்கத்து ஊரின் பெயரைக் கடன் வாங்குவது புதிதல்ல. இதே பாதையில் லண்டன் பக்கம் சர்பிட்டன் இருக்கிறது. அதுவும் 1838-ல் பொட்டலில் வைத்த ஸ்டேஷன்தான், முதலில் பக்கத்துப் பழைய ஊரின் பெயரில் 'கிங்ஸ்டன்' என்று இருந்தது. பிறகு சர்பிட்டன் தனக்கென்று ஒரு பெயரை எடுத்துக்கொண்டது, 1937-ல் கப்பல் மாதிரி வெள்ளை ஸ்டேஷன் கட்டிக்கொண்டது, கிங்ஸ்டன் தன் பெயரோடு அங்கேயே இருக்கிறது. இங்கே அப்படி நடக்கவில்லை. வாங்கின பெயரை ஸ்டேஷன் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கொடுத்தவன் தன் பெயருக்கு முன்னால் 'பழைய' சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

குறுக்கே வருகிற வண்டி

இத்தனைக்குப் பிறகு ஸ்டேஷனைப் புதுக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். வடக்கு ஓரத்தில் 1-ம் பிளாட்ஃபார்ம், லண்டன் போகிற பக்கம். தெற்கு ஓரத்தில் 5, லண்டனிலிருந்து வருகிற பக்கம். காலையில் நான் பாதையைக் கடந்து போய் ஏற வேண்டும், சாயங்காலம் பெரும்பாலும் இறங்கினால் நேரே வெளியே வந்துவிடலாம். ஃபாஸ்ட் கிடைத்தால் வாட்டர்லூ அரை மணிக்குள். 39 கிலோமீட்டர். வழியெல்லாம் நிற்கிற வண்டி என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம். மேற்கே ஒரு கிளை சவுத்தாம்ப்டன், போர்ன்மத், வேமத் என்று கடலுக்குப் போகிறது. ஒன்று கில்ஃபோர்ட் வழியாகப் போர்ட்ஸ்மத். இன்னொன்று சாலிஸ்பரி தாண்டி எக்ஸிடர். அது மட்டும் டீசல், ஏனென்றால் பக்கத்தில் மூன்றாவதாக ஓடுகிற மின் தண்டவாளம் அவ்வளவு தூரம் போகவில்லை.

சிக்கல் எல்லாம் மேற்கு முனையில், பாதை பிரிகிற இடத்தில். கில்ஃபோர்ட் கிளை தெற்குப் பக்கமாகப் பிரிகிறது. அங்கிருந்து லண்டன் போகிற வண்டி வடக்கு ஓரத்துக்கு வர வேண்டும். மேலே பாலமும் இல்லை, கீழே சுரங்கமும் இல்லை. லண்டனிலிருந்து வருகிற தண்டவாளங்களைத் தரையிலேயே குறுக்காகக் கடந்துதான் வர வேண்டும். போர்ட்ஸ்மத் வண்டி மூன்று நிமிஷம் தாமதம் என்றால், அது கடந்து போகட்டும் என்று எக்ஸிடர் வண்டி நிற்கும், அதன் பின்னால் இன்னொன்று நிற்கும். மேம்பாலம் கட்டுகிற பேச்சு பல வருஷமாக நடக்கிறது. 1845-ல் கில்ஃபோர்டுக்குப் பாதை போட்டபோது ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வந்திருக்கும்! அந்தக் கவட்டையில் 1937-ல் மின்சார ரயில் வந்த காலத்துச் சிக்னல் கேபின் இன்னும் நிற்கிறது. வேலை இல்லை, வளைந்த முனையும் வரிசையாக ஜன்னலுமாக, பழைய சினிமா கொட்டகை மாதிரி.

இந்த ஊர் சரித்திரத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் ஏதோ ஒரு கோணல். சமீபத்தியது 2025 மே 25, ஞாயிற்றுக்கிழமை. தனியாரிடம் இருந்த ரயில் சேவைகளை அரசே எடுத்துக்கொள்ளும் புதிய சட்டப்படி முதலில் கைமாறியது இந்தத் தடத்தில் ஓட்டுகிற சவுத் வெஸ்டர்ன் ரயில்வே. அரசின் முதல் சேவை வோக்கிங்கிலிருந்துதான் காலை 5.36-க்குக் கிளம்பியது. தண்டவாள வேலை நடந்துகொண்டிருந்ததால் லண்டன் போகும் வழியில் ஒரு பகுதிக்கு மாற்றுப் பஸ். ரயிலை நாட்டுடைமை ஆக்கினார்கள், ஜனங்கள் பஸ்ஸில் போனார்கள்.

இப்போது கூட்டமெல்லாம் செவ்வாய், புதன், வியாழன்தான். கொரோனாவுக்கு அப்புறம் 28 நாளில் 8 நாள் மட்டும் போய் வருகிற சீசன் டிக்கெட் ஒன்று வந்தது. நானும் அதில்தான் ஓட்டுகிறேன். வெள்ளிக்கிழமை காலை பிளாட்ஃபார்மில் நின்றால் 1838 நினைவுக்கு வருகிற அளவுக்கு வெறிச்சோடிக் கிடக்கிறது.

அம்மா இருந்த அந்த மூன்று மாதமும் நான் ஆபீஸ் போகிற நாட்களில் சாயங்காலம் தெற்கு கேட்டுக்கு வெளியே வந்து நிற்பாள். புடவைக்கு மேல் என்னுடைய பழைய ஸ்வெட்டர், கையில் ஒரு துணிப்பை. எத்தனை மணி வண்டி என்று கேட்க மாட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலுக்கு வருவது மாதிரி வந்து நிற்பாள், அவ்வளவுதான். ஒரு வியாழக்கிழமை பால் இல்லை என்று நினைவு வந்து, ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறி வடக்குப் பக்கம் போய்விட்டேன். கடையில் கூட்டம். பாலை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறேன், போன் அடிக்கிறது.

"எங்கடா இருக்க? வண்டி வந்து எல்லாரும் போயிட்டாங்க."

எதிரே 34 மாடி, விளக்கு முழுக்க எரிந்துகொண்டிருந்தது. கடைத்தெருவில் சனம் நிரம்பிக் கிடந்தது.

"கொல்லைப் பக்கம்மா," என்றேன்.

"சரி, அங்கேயே இரு. கறிவேப்பிலையும் வேணும், நானும் வர்றேன்."